இம்பிளான்ட் மட்டும் போதுமா, லிஃப்ட்டும் சேர வேண்டுமா?

மார்பகத்தைப் பற்றி பிளாஸ்டிக் சர்ஜனிடம் வரும் பெண்கள் பெரும்பாலும் இரண்டு குறைகளில் ஒன்றைச் சொல்வார்கள். "சின்னதா இருக்கு" என்பது ஒன்று. "சரிஞ்சு போச்சு" என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே உறுப்பைப் பற்றியவை என்பதால் தீர்வும் ஒன்றாகத்தான் இருக்கும், உள்ளே ஒரு இம்பிளான்ட் (சிலிக்கான் ஜெல் நிரப்பிய பை) வைத்தால் பெரிதாகவும் ஆகும், தூக்கியும் விடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு. முதல் குறை கொள்ளளவைப் பற்றியது, இரண்டாவது இருக்குமிடத்தைப் பற்றியது. இம்பிளான்ட் கொள்ளளவைக் கூட்டும். காம்பு இருக்கும் இடத்தை மேலே கொண்டுவருவது லிஃப்ட்தான், அதாவது மிகுதியான தோலை வெட்டி எடுத்து மார்பகத்தைத் தூக்கித் தைக்கும் ஆபரேஷன். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால், டாக்டர் சொல்வதில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

மூன்றாவதாக ஒரு வகையினரும் உண்டு. "பெருசாக்கிக்க வரல டாக்டர், முன்ன மாதிரி இருந்தா போதும்" என்பார்கள். இவர்களில் கணிசமானவர்களுக்கு இம்பிளான்ட்டே தேவைப்படாது, லிஃப்ட் மட்டும் போதும். இந்த வழியைத் தாமாகவே கேட்டு வருபவர்கள் குறைவு. அதனால் இதற்கும் கீழே இடம் கொடுத்திருக்கிறோம்.

ஏன் சரிகிறது

மார்பகம் நெஞ்சுத் தசையின் மேல் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் அதைத் தாங்குவது அந்தத் தசை இல்லை. மேலே போர்த்தியிருக்கும் தோலும், உள்ளே பால் சுரப்பிக்கும் கொழுப்புக்கும் நடுவே ஓடும் மெல்லிய நார்களும்தான் தாங்குகின்றன. நார்களும் தோலும் ஒருமுறை நீண்டுவிட்டால் பழையபடி சுருங்காது. ஆகவே தண்டால் எடுத்தாலும் டம்பெல் தூக்கினாலும் தசை பலப்படுமே தவிர, அதன் மேல் தொங்கும் தோல் ஏறாது. எண்ணெய் மசாஜும் இறுக்கும் கிரீமும் அப்படித்தான். அவற்றுக்காகச் செலவழிக்க வேண்டாம்.

குழந்தைக்குப் பால் கொடுத்ததால்தான் தொங்கிவிட்டது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதும் சரியல்ல. கர்ப்ப காலத்தில் மார்பகம் பெருத்துப் பிறகு வற்றுகிறது. பால் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் தோல் நீளத்தான் செய்யும். எத்தனை கர்ப்பம், என்ன வயது, எடை எவ்வளவு ஏறி இறங்கியது, புகைப் பழக்கம் உண்டா, பிறவியிலேயே மார்பகம் பெரியதா என்பவைதான் காரணங்கள். இந்தப் பயத்தால் பால் கொடுப்பதை யாரும் குறைக்க வேண்டியதில்லை.

வீட்டில் அளந்து பார்ப்பது

டாக்டரிடம் போகும் முன் நீங்களே ஓரளவு கணித்துவிடலாம். துணி தைக்கும் டேப் ஒன்று, 15 செ.மீ. ஸ்கேல் ஒன்று, ஆளுயரக் கண்ணாடி ஒன்று போதும். பிரா இல்லாமல், நேராக நின்று, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தளர விட்டுக்கொள்ளுங்கள். கையை உயர்த்தினால் காம்பும் கூடவே மேலே ஏறிவிடும். இடுப்பில் கைவைத்து நின்றாலும் சற்று ஏறும். கண்ணாடி முன் தலை வாரும்போது பார்த்துவிட்டு "பரவாயில்லையே" என்று நினைப்பதற்கு இதுவே காரணம். அளவெடுக்க இன்னொருவர் உதவினால் நல்லது, ஏனென்றால் டேப்பைப் பார்க்கக் குனிந்தாலே அளவு மாறும்.

முதலில் ஸ்கேல். மார்பகத்தின் கீழ்ப்பகுதி நெஞ்சோடு சேரும் மடிப்புக்குள் ஸ்கேலைப் படுக்கையாக வைத்து, நெஞ்சில் தட்டும்வரை தள்ளுங்கள். பிறகு பக்கவாட்டில் திரும்பிக் கண்ணாடியைப் பாருங்கள். காம்பு ஸ்கேலின் மட்டத்துக்கு மேலே இருக்கிறதா, மட்டத்தில் இருக்கிறதா, கீழே இறங்கியிருக்கிறதா? முடிவை நடத்திச் செல்லும் அளவு இதுதான். 1976-இல் ரெனோ என்ற மருத்துவர் வகுத்த தரப்பிரிவை உலகம் முழுக்க இன்றும் பயன்படுத்துகிறார்கள். காம்பு மடிப்பு மட்டத்திலோ அதற்கு 1 செ.மீ. கீழே வரையிலோ இருந்தால் முதல் நிலைச் சரிவு. 1 முதல் 3 செ.மீ. வரை கீழே இருந்து, ஆனால் மார்பகத்தின் அடிவிளிம்பைத் தொடாமல் முன்னோக்கிப் பார்த்தால் இரண்டாம் நிலை. 3 செ.மீ.க்கும் கீழே இறங்கி, அடிவிளிம்பிலேயே நின்று தரையைப் பார்த்தால் மூன்றாம் நிலை. காம்பு மடிப்புக்கு மேலேயே இருந்து, அதற்குக் கீழுள்ள சதை மட்டும் தொங்கினால் அது போலிச் சரிவு. பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி "தொங்கல்" போலத் தோன்றினாலும், போலிச் சரிவுக்கும் மூன்றாம் நிலைக்கும் செய்ய வேண்டிய சிகிச்சை முற்றிலும் வேறு.

அடுத்து டேப். கழுத்தின் அடியில், இரண்டு கழுத்தெலும்புகளுக்கு நடுவே விரல் வைத்தால் ஒரு குழி தட்டுப்படும். அங்கிருந்து காம்பு வரை அளந்து பாருங்கள். சராசரி உயரமுள்ள பெண்ணுக்கு 19 முதல் 21 செ.மீ. வரை இருந்தால் காம்பு நல்ல இடத்தில் இருக்கிறது. 24-ஐத் தாண்டினால் லிஃப்ட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். உயரமானவர்களுக்கு ஒன்றிரண்டு செ.மீ. கூடுதலாக இருப்பது இயல்பு. இடமும் வலமும் தனித்தனியாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம். ஒரு செ.மீ. வித்தியாசத்தைப் பார்த்துப் பதற வேண்டாம்.

பிறகு காம்பைப் பிடித்து மேலே இழுத்துத் தோலை விறைப்பாக்கி, காம்பிலிருந்து கீழ் மடிப்பு வரை அளங்கள். இளம் வயதில், இழுக்காமல் இந்த அளவு 5 முதல் 7 செ.மீ. இருக்கும். இழுத்த நிலையில் 10-ஐத் தாண்டினால் கீழே தோல் மிகுதியாக இருக்கிறது என்று பொருள். கடைசியாக, காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து முன்னால் இழுங்கள். 2 செ.மீ. வந்தால் தோல் இறுக்கம். 4 செ.மீ.க்கு மேல் வந்தால் தோலுக்குத் தாங்கும் சக்தி போய்விட்டது. அந்தத் தோலுக்குள் இம்பிளான்ட் மட்டும் வைத்தால், நாளடைவில் அதன் எடைக்கும் சேர்த்துக் கீழே இறங்கும்.

ஒரு பென்சிலை மடிப்பில் வைத்து, விழாமல் நின்றால் சரிவு என்று சொல்லும் சோதனை இணையத்தில் நிறையச் சுற்றுகிறது. அதை நம்ப வேண்டாம். மார்பகம் பெரியதாக இருந்தாலே பென்சில் நிற்கும். காம்பு எங்கே இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை.

இன்னொரு சோதனை பிரா. நன்றாகப் பொருந்தும் பிராவைப் போட்டுக் கண்ணாடியில் பாருங்கள். கப் நிரம்பி, உருவம் உங்களுக்குத் திருப்தியாக இருந்தால், தேவையான கொள்ளளவு உங்களிடமே இருக்கிறது, அதைத் தூக்கி நிறுத்த வேண்டியதுதான் பாக்கி. கப்பின் மேல்பாதி காலியாகி, துணி சுருங்கி நின்றால் கொள்ளளவு குறைவு. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடையில் குத்துமதிப்பாக எடுத்த சைஸை வைத்து இதைப் பார்க்காதீர்கள். நெஞ்சுச் சுற்றளவும் கப்பும் அளந்து எடுத்த பிராவாக இருக்க வேண்டும்.

அளவுகள் என்ன சொல்கின்றன

மூன்று உதாரணங்களைப் பார்ப்போம். ஒருவருக்குக் குழியிலிருந்து காம்பு வரை 21 செ.மீ., காம்பு மடிப்புக்கு 1 செ.மீ. மேலே, மேல்பாதி வற்றிக் கிடக்கிறது. இவருக்கு இம்பிளான்ட் மட்டும் போதும். அடிமடிப்பில் 4 முதல் 5 செ.மீ. நீளத்தில் ஒரே வெட்டு, தழும்பு மடிப்புக்குள் மறைந்துவிடும், ஒன்றரை மணி நேரத்துக்குள் வேலை முடியும். போலிச் சரிவு உள்ளவர்களில் பலரும் இந்த வகையில்தான் வருவார்கள், காலியான தோலை இம்பிளான்ட் நிரப்பிவிடும்.

இரண்டாமவருக்கு 25 செ.மீ., காம்பு மடிப்புக்கு 2 செ.மீ. கீழே. ஆனால் பிரா போட்டால் கப் நிறைகிறது. இவருக்கு லிஃப்ட் மட்டும் செய்தால் போதும். நெஞ்சுக்குள் அந்நியப் பொருள் கிடையாது, பத்து பதினைந்து ஆண்டு கழித்து மாற்ற வேண்டிய கவலையும் கிடையாது. ஒரு குறை உண்டு. லிஃப்ட் மட்டும் செய்தால் மார்பின் மேல்பாதி புடைத்து நிற்காது, பார்வைக்குச் சற்றுச் சிறியதாகவும் தோன்றும். மேல்பாதி நிறைந்திருக்க வேண்டும் என்று விரும்புபவருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். அதை முன்கூட்டியே டாக்டரிடம் பேசிக்கொள்ள வேண்டும்.

மூன்றாமவருக்கு 26 செ.மீ., காம்பு மடிப்புக்கு 2.5 செ.மீ. கீழே, மார்பகமோ வற்றிய பை. இவருக்குத்தான் இரண்டும் தேவை.

முதல் நிலைச் சரிவு, அதாவது காம்பு மடிப்பு மட்டத்திலோ அதற்கு 1 செ.மீ. கீழே வரையிலோ இருப்பது, இரண்டுங்கெட்டான் நிலை. அதிகம் சண்டை வருவது இங்கேதான். இம்பிளான்ட்டின் மேல்பாதியை நெஞ்சுத் தசைக்கு அடியிலும் கீழ்பாதியைச் சுரப்பிக்கு அடியிலும் வைக்கும் முறை ஒன்று உண்டு. லேசான சரிவை அது ஓரளவு நிரப்பிக் காட்டும். இம்பிளான்ட் மட்டும் வைத்தால் காம்பு ஏறியதுபோலத் தோன்றுவது அதிகபட்சம் ஒரு செ.மீ. அளவுக்குத்தான். அதற்கு மேல் யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

தழும்புக்குப் பயந்து "லிஃப்ட் வேண்டாம், கொஞ்சம் பெரிய சைஸா வெச்சு நிரப்பிடுங்க" என்று கேட்பதை எங்கள் பார்வையில் எல்லாவற்றிலும் மோசமான தேர்வு என்போம். சரிந்த மார்பகத்துக்குப் பின்னால் இம்பிளான்ட் மட்டும் போனால், அது நெஞ்சில் மேலே நின்றுகொள்ளும், உங்கள் சொந்தச் சதை அதன் மேலிருந்து வழிந்து கீழே தொங்கும். பக்கவாட்டில் பார்த்தால் மேலே ஒரு மேடு, கீழே ஒரு சரிவு. தசைக்கு அடியில் வைத்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். பெரிய சைஸைப் போட்டுச் சமாளிக்கப் பார்த்தால் எடைதான் கூடும். ஜெல் இம்பிளான்ட் ஒரு சி.சி. (ஒரு மில்லி) ஏறக்குறைய ஒரு கிராம். 400 சி.சி. என்றால் ஒவ்வொரு பக்கமும் 400 கிராம், அதை இரவும் பகலும் சுமப்பது ஏற்கெனவே நீண்டுபோன தோல். இரண்டு மூன்று ஆண்டுகளில் மறுபடி ஆபரேஷன் டேபிளுக்குத்தான் வரவேண்டியிருக்கும். அப்போது லிஃப்ட்டின் அதே தழும்பு விழும், தோல் மட்டும் முன்பைவிட மெலிந்திருக்கும்.

லிஃப்ட்டின் வெட்டுகளும் நம் தோலும்

எவ்வளவு தூக்க வேண்டும் என்பதைப் பொறுத்து வெட்டு மாறும். கருவட்டத்தின் மேல் விளிம்பில் பிறை வடிவில் தோலை எடுத்தால் ஒரு செ.மீ. வரை ஏற்றலாம், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. கருவட்டத்தைச் சுற்றி வட்டமாக எடுப்பது அடுத்தது, ஏறக்குறைய 2 செ.மீ. வரை பயன்படும். ஒரே ஒரு வட்டத் தழும்பு என்பதால் பலர் இதை விரும்புகிறார்கள். ஆனால் அளவுக்கு மீறி இதையே இழுத்துச் செய்தால் மார்பகம் தட்டையாகிவிடும், கருவட்டமும் மாதக்கணக்கில் விரிந்துகொண்டே போகும். வட்டத்தோடு அங்கிருந்து மடிப்பு வரை நேர்க்கோடு ஒன்று சேர்ந்தால் செங்குத்து முறை. இரண்டாம் நிலைக்கு நன்றாகப் பொருந்துவது இதுதான். மூன்றாம் நிலைக்கு, மடிப்பிலும் படுக்கையாக ஒரு வெட்டு சேர்ந்து நங்கூர வடிவம் ஆகும்.

நம் மாநிறத் தோலில் தழும்பு தடிப்பதும் கருப்பதும் அதிகம். உங்கள் தோல் எப்படி ஆறும் என்பதற்கான சான்று உங்கள் உடம்பிலேயே இருக்கிறது. இடது புஜத்தில் குழந்தையில் போட்ட பி.சி.ஜி. ஊசித் தழும்பைத் தடவிப் பாருங்கள். குழிந்தோ தட்டையாகவோ இருந்தால் நல்லது. ஊசி போட்ட இடத்தையும் தாண்டி, தடித்து, பளபளப்பாக, அரிப்போடு வளர்ந்திருந்தால் அது கீலாய்டு. காது குத்திய இடம், மூக்குத்தி போட்ட இடம், சிசேரியன் தழும்பு ஆகியவற்றையும் அப்படியே பாருங்கள். கீலாய்டு உள்ளவருக்கு நெஞ்சின் நடுப்பகுதி மிக ஆபத்தான இடம், நங்கூர வெட்டின் உள்முனை நடு எலும்பை நெருங்கக் கூடாது. இவர்கள் லிஃப்ட் பற்றி நன்றாக யோசித்தே முடிவெடுக்க வேண்டும். ஆபரேஷன் செய்வதானால், காயம் முழுதாக மூடியபின் சிலிக்கான் ஷீட்டையோ ஜெல்லையோ குறைந்தது மூன்று மாதம் விடாமல் போட வேண்டும். எல்லாத் தழும்பும் முதல் மூன்று மாதம் சிவந்து, பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். 12 முதல் 18 மாதத்தில் மங்கும்.

இரண்டையும் சேர்க்கும்போது எங்கே சிக்கல்

லிஃப்ட் தோலைக் குறைத்து இறுக்குகிறது. இம்பிளான்ட் அதே தோலை உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. ஒரே நாளில் இரண்டையும் செய்யும்போது இந்த இரண்டு விசைகளும் தையல் மேல் மோதுகின்றன. போதாக்குறைக்கு இரத்த ஓட்டம். காம்புக்கு இரத்தம் நெஞ்செலும்பின் ஓரத்திலிருந்தும், அக்குள் பக்கத்திலிருந்தும், விலா எலும்புகளின் இடையிலிருந்தும் வருகிறது. லிஃப்ட் மேல்பக்கத் தோலையும் சதையையும் வெட்டிச் சில வழிகளை மூடும். இம்பிளான்ட்டுக்குப் பை உண்டாக்க அடியில் பிரிக்கும்போது வேறு சில வழிகள் மூடும். மிச்சமிருக்கும் வழிகளை இம்பிளான்ட் அழுத்தவும் செய்யும். எல்லாம் கூடினால் காம்பின் ஒரு பகுதியோ முழுதுமோ கருத்துப்போகும் அபாயம் உண்டு. இது அரிது, ஆனால் நடந்தால் திரும்பப் பெற முடியாத இழப்பு.

ஆகவே சேர்த்துச் செய்யும் ஆபரேஷன் இரண்டு ஆபரேஷன்களின் கூட்டல் இல்லை, அது தனியாகவே கடினமான ஆபரேஷன். மறுபடி சரிசெய்ய வேண்டி வந்தவர்கள், மருத்துவ இதழ்களில் வந்த கணக்குகளில் பெரும்பாலும் நூற்றுக்கு 10 முதல் 20 பேர் வரை. கையெழுத்துப் போடும் முன் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கவனமான சர்ஜன் என்ன செய்வார்? முந்தின நாளோ அன்று காலையிலோ உங்களை நிற்கவைத்து மார்க்கர் பேனாவால் கோடு போடுவார். படுத்தபின் போடும் கோடு எதற்கும் உதவாது. ஆபரேஷனில் முதலில் இம்பிளான்ட்டை வைப்பார். பிறகு தையல்காரர் ஜாக்கெட்டில் டார்ட் பிடிக்கும் முன் ஊசி குத்திப் பார்ப்பதைப்போல, எடுக்க நினைக்கும் தோலை மடித்து ஸ்டேப்ளரால் தற்காலிகமாகப் பிடித்து, டேபிளை நிமிர்த்தி உங்களை உட்கார்ந்த நிலைக்குக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் பார்ப்பார். சரியாக இருந்தால்தான் வெட்டுவார். முதலிலேயே தோலை எடுத்துவிட்டுப் பிறகு இம்பிளான்ட்டைத் திணித்தால், தோல் போதாமல் தையல் பிரியும். "முதலில் எதைச் செய்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், பதிலிலேயே அவருடைய அனுபவம் தெரிந்துவிடும்.

இரண்டு கட்டமாகச் செய்வது பாதுகாப்பான மாற்று. முதலில் லிஃப்ட், நான்கு முதல் ஆறு மாதம் கழித்து இம்பிளான்ட். காம்பை 4, 5 செ.மீ.க்கு மேல் ஏற்ற வேண்டியவர்கள், புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், மார்பில் முன்பே ஆபரேஷன் ஆனவர்கள், பெரிய சைஸ் வேண்டுபவர்கள் இந்த வழியில் போவது நல்லது. மயக்க மருந்தும் செலவும் இரண்டு முறை ஆகும் என்பது உண்மைதான். ஆனால் லிஃப்ட் ஆறியபின் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இதுவே போதும்" என்று இம்பிளான்ட்டையே விட்டுவிடுபவர்களும் உண்டு.

சேர்த்துச் செய்பவர்கள் சைஸை அடக்கி வைக்க வேண்டும். மார்பகத்தின் அடி அகலத்தை காலிப்பரால் அளந்து, இம்பிளான்ட்டின் அகலம் அதைத் தாண்டாமல் பார்ப்பார்கள். 12 செ.மீ. அகலம் இருந்தால் 11 அல்லது 11.5 செ.மீ. இம்பிளான்ட். மூன்றாம் உதாரணத்தில் வந்தவருக்கு 200 முதல் 275 சி.சி. வரை போதும். "சி கப் வேணும், டி கப் வேணும்" என்று கேட்பதில் அர்த்தமில்லை, கப் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அரிசியைச் சிறு பிளாஸ்டிக் பையில் போட்டு, பிராவுக்குள் வைத்து நாள் முழுக்க வீட்டில் நடந்து பாருங்கள், எடை எப்படி இருக்கும் என்று ஓரளவு புரியும்.

போகும் முன்

எடை குறைந்தது மூன்று மாதமாவது ஒரே நிலையில் இருக்க வேண்டும். பால் நிறுத்தி ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். அடுத்த குழந்தை திட்டமிருந்தால் தள்ளிப்போடுங்கள். இன்னொரு கர்ப்பம் லிஃப்ட்டைக் கலைத்துவிடும், கருவட்டத்தைச் சுற்றி வெட்டினால் பால் நாளங்களும் நரம்புகளும் பாதிக்கப்படலாம். காம்பில் உணர்ச்சி குறைவது லிஃப்ட்டில் அதிகம், பலருக்கு மாதங்களில் திரும்பும், சிலருக்குத் திரும்பாது.

சிகரெட், பீடி, ஹான்ஸ், வெற்றிலையோடு போடும் புகையிலை எல்லாம் நான்கு வாரம் முன்பும் நான்கு வாரம் பின்பும் கூடவே கூடாது. நிக்கோட்டின் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், காம்பு கருப்பதற்கு அதுவே போதும். புகையிலையை நிறுத்தப் போடும் நிக்கோட்டின் சூயிங்கமும் அப்படித்தான். வீட்டில் அம்மாவோ மாமியாரோ புகையிலை போட்டால் தானும் போடும் வழக்கமுள்ள பெண்கள் இதை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். தயவுசெய்து சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரின், வைட்டமின் ஈ, மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்துகள் எதைச் சாப்பிட்டாலும் சொல்லுங்கள், இரத்தம் உறைவதைத் தாமதிப்பவற்றை இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், இதயத்துக்காகக் கொடுத்த ஆஸ்பிரின் வேறு விஷயம். ஹீமோகுளோபின் பாருங்கள், நம் பெண்களில் பலருக்கு இரத்தசோகை இருக்கிறது. 40 வயதைத் தாண்டியவர்கள் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்தபின்தான் ஆபரேஷன் தேதியே வாங்க வேண்டும்.

வந்தபின், வடசென்னை வீட்டில்

ஆறு வாரம் இறுக்கமான பிரா, பகலும் இரவும். கம்பி வைத்தது மூன்று மாதத்துக்கு வேண்டாம், முன்பக்கம் ஹூக் உள்ளதை மூன்று வாங்கி மாற்றி மாற்றித் துவைத்துப் போடுங்கள். நம் ஊர் வெக்கையில் அடிமடிப்பில் வியர்வை தேங்கிப் பூஞ்சை பிடிக்கும், அங்கேதான் தையலும் இருக்கிறது. கத்திரி வெயிலில் தேதி வாங்காமல், மார்கழி, தை மாதமாகப் பார்த்தால் பாதிச் சிரமம் குறையும்.

இரண்டு வாரம் மல்லாந்துதான் படுக்க வேண்டும், முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து. நான்கு முதல் ஆறு வாரம் இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் குடம் தண்ணீர் ஏறக்குறைய 15 கிலோ. லாரித் தண்ணீரையோ அடிபம்பையோ நம்பியிருக்கும் தெருவில், மாடி வீட்டில் இருப்பவர், ஆறு வாரத்துக்குக் குடம் தூக்க யார் என்று முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் ஆபரேஷனுக்குப் போக வேண்டும். ஒன்றரை வயதுக் குழந்தையும் 10 கிலோ, அதுவும் கணக்கில் உண்டு. மொட்டை மாடிக் கொடியில் துணி காயப்போடுவதும், பரண்மேல் பாத்திரம் எடுப்பதும் மூன்று வாரத்துக்கு இல்லை. டூவீலர் நான்கு வாரத்துக்கு ஓட்டாதீர்கள். கன்டெய்னர் லாரி ஓடும் சாலைகளில் ஷேர் ஆட்டோ குலுங்கினால் தையல் சுண்டி இழுக்கும். திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் டிரெஸ்ஸிங்குக்குப் போக மெட்ரோ எவ்வளவோ மேல்.

காசிமேட்டில் மீன்கூடை சுமப்பவர், மூட்டை தூக்குபவர், கை உழைப்பால் பிழைப்பவர்கள் அதை முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும். தசைக்கு அடியில் வைத்த இம்பிளான்ட், தசை இறுகும்போதெல்லாம் மேலேயும் வெளிப்பக்கமும் நகர்ந்து உருவம் மாறும். இவர்களுக்குச் சுரப்பிக்கு அடியில், தசைக்கு மேலே வைப்பது பொருந்தலாம். மேல்மார்பில் கிள்ளிப் பார்த்தால் 2 செ.மீ. தடிப்பாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் இம்பிளான்ட்டின் விளிம்பு தெரியும்.

முதல் இரண்டு நாளில் ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி, விறைத்து, வலி கூடினால் உள்ளே இரத்தம் கட்டுகிறது. காம்பு நீலமாகவோ கருப்பாகவோ மாறினால் இரத்தம் போகவில்லை. இரண்டுக்கும் காலை வரை காத்திருக்கக் கூடாது, நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சல், சிவப்பு, சீழ் வந்தால் அன்றே காட்டுங்கள். நங்கூரத் தையலில் இரண்டு கோடுகள் சேரும் முச்சந்தியில் இரண்டாம் மூன்றாம் வாரம் சிறிதாகப் பிரிவதைப் பலரிடம் பார்க்கலாம். டிரெஸ்ஸிங்கிலேயே ஆறிவிடும், ஆனால் உள்ளே இம்பிளான்ட் இருப்பதால் டாக்டர் கண்ணில் படாமல் விடக் கூடாது.

எங்கே, எவ்வளவு

பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி துறை நாடறிந்தது. 2018 பிப்ரவரியில் அங்கே மார்பக ஆபரேஷன்களை இலவசமாகச் செய்யும் பிரிவு தொடங்கப்பட்டது. அழகுக்கான சிகிச்சைக்கு அரசுப் பணமா என்று அப்போது பெரிய விவாதமே நடந்தது. பணமில்லை என்பதற்காக ஒரு பெண்ணின் மனவேதனை சிறியதாகிவிடாது என்றே நாங்கள் நினைக்கிறோம். உங்கள் அளவுகளைக் குறித்த தாளோடு பிளாஸ்டிக் சர்ஜரிக்கு ஓ.பி. சீட்டு வாங்கி, இப்போது எந்தெந்த ஆபரேஷன்கள் அங்கே செய்யப்படுகின்றன என்று நேரில் கேளுங்கள். தனியாரில் அறுவை செய்த பின்னாலும் சந்தேகம் வந்தால் அங்கே கருத்துக் கேட்கலாம்.

தனியாரில் போவதானால், டாக்டருக்கு பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பட்டம் இருக்கிறதா, தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். "காஸ்மெட்டிக் ஸ்பெஷலிஸ்ட்" என்ற பெயர்ப்பலகை தகுதி ஆகாது. அழகுக்கான ஆபரேஷன் என்பதால் இன்ஷூரன்ஸ் கிடையாது, பில்லில் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும். பிறவிக் குறைபாடு, விபத்து, புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு என்றால் கணக்கு வேறு. சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், இம்பிளான்ட் ஜோடி, பிரா எல்லாம் சேர்ந்த தொகையை எழுத்தில் வாங்குங்கள். ஒரு வருடத்துக்குள் மறுபடி சரிசெய்ய வேண்டி வந்தால் யார் எதற்குப் பணம் கட்டுவது என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள்.

லிஃப்ட் மட்டும் செய்தவருக்கு ஒரு வருடத்தோடு வேலை முடிந்தது. இம்பிளான்ட் வைத்தவருக்கு அப்படி இல்லை. பெட்டியில் வரும் ஸ்டிக்கரில் கம்பெனி, சைஸ், லாட் எண், சீரியல் எண் இருக்கும். அது ஒட்டிய அட்டையைக் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு, ஆதார் இருக்கும் பையிலேயே வையுங்கள். 2019 ஜூலையில் அலர்கன் கம்பெனியின் சொரசொரப்பான மேற்பரப்புள்ள பயோசெல் வகை உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. அரிதான ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயோடு அதற்கிருந்த தொடர்புதான் காரணம். தன்னுள் இருப்பது எந்த வகை என்று சொல்ல அந்த அட்டை இருந்தால்தான் முடியும். சிலிக்கான் ஜெல் உடைந்தால் வெளியே தெரியாது என்பதால், வைத்து ஐந்தாறு ஆண்டில் ஒரு அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ., பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கச் சொல்கிறது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. மேமோகிராம் எடுக்கப் போகும்போது இம்பிளான்ட் இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள், அதைப் பின்னால் தள்ளி எடுக்கும் தனிக் கோணம் உண்டு. எத்தனை ஆண்டு கழிந்தாலும் ஒரு பக்கம் மட்டும் நீர் கோத்து வீங்கினாலோ, கல்லாக இறுகினாலோ, "ஆபரேஷன் பண்ணி எவ்வளவோ வருஷமாச்சே" என்று விட்டுவிடாமல் அட்டையோடு டாக்டரிடம் போங்கள்.